மலாயாப் பல்கலைக்கழக ஏரியும் நம் மதரஸாக் குளமும்

மலேசியா சென்று திரும்புவோர் சொல்லும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வகையின. 452 மீட்டர் உயரத்தில் நிற்கும் இரட்டைக் கோபுரம், மஸ்ஜித் இந்தியாவில் தமிழில் நிகழும் ஜும்ஆப் பேருரை, நம்மவர் நடத்தும் உணவகங்கள், பெட்டி நிறைய வாங்கி வரும் சாமான்கள். இவற்றுள் இவ்விதழின் வாசகர் அறியாதது ஒன்றுமில்லை. காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நாகூர் வட்டாரத்தில் மலாயாவில் உறவினர் இல்லாத வீடு அரிது. ஆகவே அவற்றை நான் மீண்டும் எழுதப் போவதில்லை.

கோலாலம்பூரில் நான் தங்கியிருந்தது 12 நாட்கள். அவற்றுள் ஐந்து மாலைப் பொழுதுகளை ஓர் ஏரிக்கரையில் கழித்தேன். அந்த ஏரி மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துள் இருக்கிறது. மலாய் மொழியில் 'தாசிக்' என்றால் ஏரி. 'தாசிக் வர்சிட்டி', அதாவது பல்கலைக்கழக ஏரி என்பதே அதன் பெயர். சுற்றுலாக் கையேடுகள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. ஆயினும் எங்கள் மதரஸாவில் இப்போது எழுந்துள்ள ஒரு கேள்விக்கு அந்த ஏரி விடை சொல்லிற்று. அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

சபுராளிகளின் சீமை

1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் முதல் நாள் வரை அவர்கள் ஆளுகையிலேயே இருந்தது. அதனால் எங்கள் முன்னோர்க்குக் கடல் கடக்க இரண்டு பாதைகள் வாய்த்தன. ஒன்று பிரெஞ்சு இந்தோசீனாவின் சைகோன் நகருக்கு. அங்கே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுவில் நிற்கிறது. மற்றொன்று பினாங்கு, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய ஊர்களுக்கு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறியவர்களின் பேரர்கள் இன்று அந்நாட்டின் குடிமக்கள். 'சபர் போயிருக்கிறார்' என்று இங்கே நாம் சொல்லும் சொல்லில் எத்தனை பெண்களின் காத்திருப்பு அடங்கியிருக்கிறது என்பதை நம் குடும்பத்தார் அறிவர்.

அவ்வாறு போய் அங்கேயே வேர்விட்ட குடும்பங்களுள் ஒன்று என் பெரிய வாப்பாவின் குடும்பம். அவருடைய மகனார் வீட்டில்தான் நான் தங்கினேன். அந்த நானாவின் மகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி. "சாச்சா, கோபுரத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். நீங்கள் ஓதிக்கொடுக்கிறவர்கள் அல்லவா, எங்கள் படிப்பிடத்தைப் பாருங்கள்" என்று சொல்லி அவள்தான் என்னை அழைத்துச் சென்றாள்.

பல்கலைக்கழக வாயிலருகே உள்ள மஸ்ஜித் அர்-ரஹ்மானில் அஸர் தொழுதுவிட்டு உள்ளே நுழைந்தோம். 900 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. லெம்பா பந்தாய் என்னும் பள்ளத்தாக்கின் மேடும் தாழ்வுமான நிலம். எங்கு நோக்கினும் மழைக்காட்டு மரங்கள். 1949 அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்த மலாயாப் பல்கலைக்கழகம் பின்னர் இரண்டாகப் பிரிந்து, 1962 ஜனவரி முதல் நாளிலிருந்து கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கி வருகிறது.

இங்கே தமிழுக்கும் ஓர் இடமுண்டு. இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பெற்றது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்கவேண்டும் என்பதற்காகச் சிங்கப்பூர்த் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் சிறு கடைக்காரரும் தங்கள் உழைப்பில் மிஞ்சிய காசை அதற்குத் தந்தனர். தனிநாயகம் அடிகள் 1961இல் இத்துறைக்கு வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றதும் கோலாலம்பூரில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தந்த காசில் பிறர் பிள்ளைகள் படித்தார்கள் என்பதை எண்ணியபோது, நம் ஊர் மதரஸாக்கள் சபுராளிகளின் பணத்தில் எழுந்த வரலாறு என் நினைவுக்கு வந்தது.

ஏரிக்கரையில்

பாதை ஒரு தாழ்வான இடத்தை நோக்கி இறங்குகிறது. அங்கே ஏரி விரிகிறது. நம் வீராணத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஏரியாகவே தோன்றாது. பெரிய குளம் என்றே சொல்வார்கள். ஒரு முறை சுற்றி வருவதற்குச் சிறிது நேரமே போதும். கரையோரம் நடைபாதை, மர நிழலில் இருக்கைகள். அதுவும் இயற்கையாக அமைந்ததன்று. தாழ்நிலத்தில் மனிதர் தேக்கிவைத்த நீர். மேட்டிலிருந்து வழியும் மழை அங்கே தங்கி, வேகம் தணிந்து, மிஞ்சியது வெளியேறிக் கிள்ளான் ஆற்றை நாடுகிறது. நகரின் பெயருக்கே சேறு கலந்த கூடல் என்பது பொருள். அப்படிப்பட்ட ஊரில் மழைநீர் சற்றே நின்று தெளிந்து போவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா?

வெண்கொக்குகள் கரையில் நின்றன. உடும்பினத்தைச் சேர்ந்த, ஒரு முழத்துக்கும் நீண்ட பிராணியொன்று நீரில் நீந்திச் சென்றது. என் கால்கள் தாமாகப் பின்வாங்கின. அருகிருந்த மாணவர்கள் அதைப் பொருட்படுத்தவேயில்லை.

அந்தக் கரையில் நான் கண்டவற்றுள் என் மனத்தைத் தொட்டது மாணவர்களின் இருப்பே. ஓர் இளைஞர் சட்ட நூலைத் தொடையில் விரித்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்; நம் ஹிஃப்ழு மாணவர்கள் பாடம் ஒப்பிக்குமுன் செய்வது போலவே. நான்கு சீனப் பெண்கள் ஒரு கணக்கைப் பற்றி வாதிட்டனர். மலாய் மாணவர் இருவர் ஓடிக் களைத்து அமர்ந்தனர். விடுதிகளிலும் உணவகங்களிலும் அவரவர் இனத்தாரோடு சேர்ந்திருப்பது அங்கும் வழக்கமே என்று என் அண்ணன் மகள் சொன்னாள். ஏரிக்கரையில் மட்டும் யாரும் யாரையும் விலக்குவதில்லையாம்.

அவளுடைய தோழி ஒருத்தி வந்து எங்களுடன் அமர்ந்தாள். இந்திய ஆய்வியல் துறை மாணவி. ரப்பர்த் தோட்டத்துக் குடும்பம். "இந்த ஏரியில் அப்படி என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். அவள் சற்று யோசித்தாள். "ஐயா, முதல் பருவத்தில் எனக்கு விரிவுரை எதுவும் விளங்கவில்லை. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னால் அம்மா அழுவார்கள். அறையில் அழுதால் தோழிகள் கேட்பார்கள். இங்கே வந்து உட்கார்ந்திருப்பேன். பட்டமளிப்பு நாளில் அம்மாவை இதே இடத்துக்கு அழைத்து வந்து படம் எடுக்கவேண்டும் என்று ஆசை" என்றாள்.

அப்பேச்சைக் கேட்டதும் எங்கள் மதரஸாவுக்குப் புதிதாக வரும் சிறுவர்களை நினைத்துக்கொண்டேன். ஒன்பது வயதிலும் பத்து வயதிலும் உம்மாவின் முந்தானையை விட்டு வருகிற பிள்ளைகள். முதல் வாரத்தில் அவர்களைத் தேட நேர்ந்தால் நான் வகுப்பறைக்குப் போவதில்லை. பின்புறத்துக் குளத்துப் படித்துறைக்கே போவேன். அங்கேதான் இருப்பார்கள்.

நோயுற்ற ஏரி

இத்தனை அழகிய ஏரி எப்போதும் இப்படி இருந்ததன்று. நீர் கெட்டு, நீர் விளையாட்டுக்கு ஏற்றதன்று என்று மூடப்பட்டிருந்த காலமும் உண்டு. நகரம் பெருகிற்று, கட்டடங்கள் பெருகின, கழுவிய நீரும் தெருவில் ஓடிய நீரும் கலந்தன. சமையற்கட்டு நீரிலும் சோப்பு நீரிலும் உள்ள சத்துப் பொருள்கள் பாசிக்கு உரமாகின்றன. பாசி மண்டினால் நீர் பச்சையாகிறது. அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. பிராணவாயு குறைந்தால் மீன்கள் மடிகின்றன. உலகெங்கும் தேங்கிய நீர் இந்த வரிசையிலேயே நோயுறுகிறது. நம்மூர்க் குளத்தில் ஆகாயத்தாமரை படர்வதும் இந்த நோயின் ஓர் அறிகுறியே.

2010களில் அப்பல்கலைக்கழகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து 'வாட்டர் வாரியர்ஸ்' என்ற பெயரில் ஒரு குழு அமைத்தார்கள். நீர்ப் படைவீரர் என்று தமிழில் சொல்லலாம். வளாகத்தையே ஆய்வுக்கூடமாகக் கொள்வது அவர்கள் முறை. ஒரு துறையார் மட்டும் அன்றிப் பல துறையினரும் அதில் சேர்ந்தனர். குறித்த இடங்களில் நீரை எடுத்துச் சோதிப்பது, கழிவு எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து காண்பது, கண்டதை நிர்வாகத்தாரிடம் எடுத்துரைப்பது, புதிய மாணவர்களுக்குக் கற்பிப்பது என்று வேலை நடந்தது.

எனக்கு வியப்பளித்தது இதுதான். ஏரியைத் துப்புரவு செய்வதற்குக் கூலியாட்களை அமர்த்தியிருந்தால் ஒரு முறை துப்புரவாகியிருக்கும். மாணவர்களிடம் விட்டதனால் அது பாடமாயிற்று. மூன்றாண்டு படித்துவிட்டுப் போகிற மாணவன் தனக்குப் பின்வருகிறவனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

தண்ணீரில் தொடங்கும் கல்வி

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் அண்ணன் மகள் கேட்டாள்: "சாச்சா, மதரஸாவில் தண்ணீரைப் பற்றி ஏதாவது பாடம் உண்டா?"

நான் சிரித்தேன். நம் ஃபிக்ஹு நூல்கள் தொடங்குவதே தண்ணீரில்தான். தொழுகைக்கும் நோன்புக்கும் முன்னதாக வருவது தூய்மை பற்றிய பாடம். அதில் முதலில் வருவது எந்த நீர் தூயது என்ற ஆராய்ச்சி. ஷாஃபி மத்ஹபில் 'இரண்டு குல்லத்' என்றோர் அளவுண்டு; இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 லிட்டர். அதற்குக் குறைந்த தேங்கிய நீரில் அசுத்தம் விழுந்தால் அந்நீர் கெட்டது. அந்த அளவை எட்டிய நீரில் விழுந்தால் மூன்றைப் பார்க்கவேண்டும்: நிறம், சுவை, மணம். இவற்றுள் ஒன்று மாறினாலும் அது தூய நீரன்று. ஹனஃபி மத்ஹபில் பத்து முழ நீளமும் பத்து முழ அகலமும் கொண்ட ஹவுளின் நீர் ஓடும் நீருக்கு நிகராகக் கொள்ளப்படும். நம் பழைய பள்ளிவாசல்களில் ஹவுள் அத்துணை பெரிதாகக் கட்டப்பட்டதன் காரணம் இதுவே.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்கு நீரை வீணாக்கலாகாது என்றும் போதித்திருக்கிறார்கள். இவற்றைப் பல்லாண்டுகளாக நான் ஓதிக்கொடுத்து வருகிறேன். மாணவர்கள் மனனம் செய்து ஒப்பிக்கிறார்கள், பரீட்சையில் எழுதுகிறார்கள். அந்த வகுப்பறையின் சன்னலுக்கு வெளியே குளம் இருக்கிறது. அதன் நிறம் மாறியதையும் மணம் மாறியதையும் அந்தப் பாடத்தோடு இணைத்துப் பார்க்கும் வழக்கம் நம் கல்வியில் ஏற்படவில்லை. கோலாலம்பூர் மாணவர்கள் குப்பியில் எடுத்துச் சோதிப்பதும் ஏறக்குறைய அந்த மூன்றைத்தான். கருவிகள் வேறு, கேள்வி ஒன்று.

கடைமடையின் குளங்கள்

காரைக்கால் மாவட்டம் காவிரியின் கடைமடை. அரசலாறு, திருமலைராஜனாறு, நாட்டாறு முதலியன இங்கே வந்து கடலில் கலக்கின்றன. 2007இல் காவிரி நடுவர் மன்றம் புதுவை மாநிலத்துக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கிற்று. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் ஏட்டில் ஒதுக்கிய நீர் மேட்டூரிலிருந்து புறப்பட்டு, எல்லா மடைகளையும் கடந்த பிறகே எங்களிடம் வரவேண்டும். ஜூன் 12 என்று குறித்த நாளில் மேட்டூர் அணையைத் திறக்க 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் இயலவில்லை.

கடலோர ஊர்களுக்குக் குளம் வெறும் அழகுக்கன்று. நிலத்தடியில் நன்னீர் மேலாகவும் உவர்நீர் கீழாகவும் நிற்கின்றன. குளத்தில் நீர் நின்றால் அது கசிந்திறங்கி, நன்னீரின் படலம் தடிக்கிறது. உவர் விலகி நிற்கிறது. குளம் வறண்டு, கிணறுகளும் குழாய்களும் இறைத்துக்கொண்டேயிருந்தால் உவர் மேலேறுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப் பேரலை உள்ளே புகுந்த பிறகு கரையோர நிலமும் நீரும் உவர்த்ததை எங்கள் மக்கள் மறக்கவில்லை.

2019 கோடையில் எங்கள் மதரஸாக் குளம் வெடித்துக் கிடந்தது. கிணற்று நீர் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. பிள்ளைகளின் ஒளுவுக்கு லாரித் தண்ணீர் வாங்கினோம். அவ்வாண்டுதான் 'நம் நீர்' என்ற பெயரில் காரைக்கால் மாவட்ட நிர்வாகம் ஓர் இயக்கம் தொடங்கிற்று. அரசு அலுவலர், தொழில் நிறுவனங்கள், கோயில் நிர்வாகங்கள், பொதுமக்கள் ஆகியோர் சேர்ந்து, சுமார் மூன்று மாதங்களில் 178 நீர்நிலைகள் தூர்வாரப்பட்டன. அவ்வாண்டு பருவமழை அந்தக் குளங்களில் இறங்கிற்று. அடுத்த தை மாதத்தில் எங்கள் கிணற்று நீரின் கரிப்பு மாறியதை நானே பருகிக் கண்டேன்.

நம் முன் உள்ள கேள்வி

இப்போது அந்தக் குளத்தின் ஒரு பகுதியைத் தூர்த்துக் கடைகள் கட்டலாம் என்ற யோசனை ஜமாஅத்தில் எழுந்திருக்கிறது. யோசனை சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். மதரஸாவுக்கு நிலையான வருமானம் வேண்டும்; உஸ்தாதுகளுக்கு மாதந்தோறும் தவறாமல் ஊதியம் தரவேண்டும்; சபுராளிகளின் நன்கொடையை மட்டும் நம்பியிருக்க முடியாது. கடை வாடகை அதற்கு வழி என்கிறார்கள். என் ஊதியமும் அந்த வாடகையிலிருந்தே வரவேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வரும் ஷஃபான் மாதக் கூட்டத்தில் முடிவு செய்யப்படும்.

அக்கூட்டத்தில் நான் சொல்லவிருப்பதை இங்கும் சொல்கிறேன். வருமானம் வேண்டும் என்பதில் மாறுபாடில்லை. சாலையை ஒட்டிய மேட்டு நிலத்தில் இரண்டு கடைகள் கட்டக் குளத்தைத் தொடவேண்டியதில்லை. குளத்தை மீன் குத்தகைக்கு விடலாம். கரையில் தென்னை வைக்கலாம். இவற்றால் வருவது, பத்துக் கடைகளின் வாடகையைவிடக் குறைவாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கிணறு கரித்தபின் ஆண்டுதோறும் லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் பணத்தையும் அதே ஏட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்கவேண்டும்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. படிக்கும் இடத்தில் நாம் எதைச் செய்தாலும் மாணவர் அதைப் பாடமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நீரின் தூய்மை பற்றி முற்பகலில் ஓதிக்கொடுத்துவிட்டுப் பிற்பகலில் அதே நீரின்மீது மண் லாரி கொட்டுவதைக் காட்டினால், அவர்கள் நெஞ்சில் எந்தப் பாடம் தங்கும்?

மாணவர்களுக்குச் சில எளிய வேலைகளைத் தரலாம். படித்துறையில் எத்தனை படி நீரில் மூழ்கியிருக்கிறது என்று வெள்ளிக்கிழமைதோறும் எண்ணி ஒரு பதிவேட்டில் எழுதட்டும். நிறமும் மணமும் மாறினால் அதையும் குறிக்கட்டும். ஒளுச் செய்த நீரைச் சாக்கடையில் விடாமல், கூழாங்கல்லும் மணலும் நிரப்பிக் கல்வாழை நட்ட சிறு வாய்க்கால் வழியே குளத்துக்குச் செலுத்தட்டும். சமையற்கட்டு நீர் குளத்தில் கலக்காதபடி தனிக்குழி வெட்டட்டும். தஹாரத் பாடத்தை ஆண்டில் ஒரு நாளேனும் படித்துறையில் அமர்ந்து நடத்தலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குழு போய் மறு குழு வரும்போது பதிவேடு கைமாறினால் போதும்.

பெண்மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிணறு கரித்ததை வீட்டில் முதலில் அறிகிறவர்கள் நீங்கள். சோறு மஞ்சளிப்பதையும் பருப்பு வேகாததையும் எந்த ஜமாஅத் தலைவரும் உங்களுக்கு முன் அறிவதில்லை. உங்கள் மஹல்லாவில் குளத்தைத் தூர்க்கும் பேச்சு எழுந்தால், கூட்டத்துக்குப் போகும் கணவரிடமும் மகனிடமும் அதைச் சொல்லியனுப்புங்கள்.

நான் ஊர் திரும்பும் நாளில், அந்த ஏரி நீரின் அளவை அடுத்த வாரம் குறிக்கப்போகிற குழுவில் தானும் சேர்ந்திருப்பதாக என் அண்ணன் மகள் சொன்னாள். எங்கள் பிள்ளைகளும் அவ்வாறு சொல்லும் நாள் வரவேண்டும். நமக்கு அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட நீரைக் கெடாமல் காத்து, அடுத்த தலைமுறையிடம் சேர்க்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.